தரை தொடாத நான்காவது சக்கரம்

பொம்மைகளின் பொறியியல் – 9

கையால் தள்ளிவிட்டாலோ சரிவின் உச்சியிலிருந்து விட்டாலோ தானாக உருண்டோடித் தானாகவே நின்றுவிடும் பொம்மைக் காருக்கு எஞ்சின் கிடையாது. சாவி கொடுக்கும் சுருளோ பேட்டரியோ கிடையாது. புறப்படும் கணத்தில் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவே அதன் முழு முதல். அதன் பிறகு நடப்பதெல்லாம் செலவு மட்டுமே. உள்ளங்கைக்குள் அடங்கும் 35 கிராம் எடையுள்ள வார்ப்பு உலோகக் கார் ஒன்றை அரை மீட்டர் உயரச் சரிவின் உச்சியில் வைத்து விட்டால் அதன் கணக்கில் வரவாவது ஏறத்தாழ 0.17 ஜூல். இந்தச் சிறு தொகையை அச்சின் உராய்வும், தரையின் உருள்தடையும், காற்றும், கோணலாகப் பொருத்தப்பட்ட சக்கரத்தின் தேய்ப்பும், வழியில் குறுக்கிடும் மேடுபள்ளங்களின் மோதலும் பங்குபோட்டுத் தின்கின்றன. ஆகவே இத்தகைய வண்டிக்கு சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே வளைந்துகொடுக்கும் இணைப்பு, அமைக்க விரும்புகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அது இந்தச் செலவுகளில் எதைக் குறைக்கிறது, குறைப்பதற்குக் கூலியாகத் தான் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான். உண்மையான கார்களில் முதலிடம் பெறும் பயணியின் சௌகரியம் இங்கே கணக்கிலேயே சேராது.

சஸ்பென்ஷனின் தேவை நான்கு என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறது. ஒரு தளத்தை நிர்ணயிக்க மூன்று புள்ளிகள் போதும் என்பதால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நான்கு கால் உள்ள பொருளோ, தரையும் கால்களும் மிகத் துல்லியமாக ஒத்துப்போனாலொழிய, எப்போதும் மூன்று கால்களில்தான் நிற்கும். விறைப்பான அடிச்சட்டத்தில் இரண்டு நேரான அச்சுகளைப் பொருத்திச் செய்யப்பட்ட பொம்மைக் கார் வீட்டுத் தரையில் ஓடும்போது அதன் ஒரு சக்கரம் பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. எந்தச் சக்கரம் என்பது நொடிக்கு நொடி மாறிக்கொண்டேயிருப்பதால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, உடனே மறுபக்கம் சாய்ந்து, ஒவ்வொரு சாய்விலும் தரையில் தட்டிக்கொண்டு செல்கிறது. கடகடவென்று எழும் ஓசைக்கு ஆகும் ஆற்றலும் அதே 0.17 ஜூலிலிருந்துதான் போகிறது.

இதைவிடப் பெரிய செலவு மோதலில் இருக்கிறது. தரையோடுகள் சேரும் இடத்தில் ஒரு ஓடு அடுத்ததைவிட அரை மில்லிமீட்டர் உயர்ந்திருப்பது எந்த வீட்டிலும் காணக்கூடியது. மனிதக் காலுக்குத் தெரியாத அந்த விளிம்பு, 5 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்குத் தன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு உயரமுள்ள படிக்கட்டு. சக்கரம் விளிம்பைத் தொடும்போது அது நகர்ந்துகொண்டிருக்கும் திசைக்கும் இனி நகர வேண்டிய திசைக்கும் இடையே ஏறத்தாழ 26 பாகைக் கோணம் விழுகிறது. மோதும் பொருள்கள் சிறிதும் எம்பாமல் மோதுகின்றன என்று வைத்துக்கொண்டால், சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் அந்தச் சக்கரம் சுமக்கும் பகுதியின் இயக்க ஆற்றலில் 19 சதவீதம் ஒரே விளிம்பில் தொலைந்துவிடும். பொருள்கள் நடைமுறையில் சற்று எம்பவே செய்யும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் அளவின் பரிமாணம் விளங்குகிறது.

அதே கணக்கில் ஒரே ஒரு மாற்றம் செய்து, சக்கரம் மட்டும் உடற்கூட்டை விட்டுத் தனியாக மேலே எழலாம் என்று அனுமதித்துப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் பங்குக்கு வரும் 9 கிராமில் சக்கரமும் அதைச் சேர்ந்த அச்சுத் துண்டுமாக 1 கிராம் இருக்குமானால், திடீரென மேல்நோக்கித் திருப்பப்படுவது அந்த 1 கிராம் மட்டுமே. எஞ்சிய 8 கிராம் வந்த வழியே நேராகச் செல்கிறது. இழப்பு 19 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. சஸ்பென்ஷன் ஈட்டித்தரும் ஆதாயம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் அடங்கியிருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை, அதாவது தரையின் ஒவ்வொரு அசைவுக்கும் கூடவே அசைந்தாக வேண்டிய எடை, குறைவாக இருக்க வேண்டும் என்று வாகனப் பொறியாளர்கள் ஓயாமல் சொல்வதன் காரணமும் இதுவே.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்குள் இன்னொரு வழியும் ஒளிந்திருக்கிறது. இழப்பு தோராயமாக விளிம்பின் உயரத்தைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் வரும் எண்ணின் இரண்டு மடங்கு. ஆரத்தை 5 மி.மீட்டரிலிருந்து 20 மி.மீட்டராக உயர்த்தினால், எந்த ஸ்பிரிங்கும் இல்லாமலேயே இழப்பு 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மாட்டு வண்டிச் சக்கரம் ஆளுயரத்துக்கு இருப்பதில் உள்ள நியாயமும் இதுதான். பொம்மை உண்மையான காரைப் போலத் தோற்றமளிக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் சக்கரம் சிறிதாகவே இருக்க வேண்டியபோதுதான் ஸ்பிரிங்கின் அவசியம் எழுகிறது.

வரலாற்றில் பொம்மைக் கார்களுக்கு ஸ்பிரிங் வந்தது இந்தக் கணக்கினால் அல்ல. இங்கிலாந்தின் லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ நிறுவனத்தின் டிங்கி டாய்ஸ், 1930களிலிருந்தே வார்ப்பு உலோகக் கார்களின் சந்தையை ஏறத்தாழத் தனியாக ஆண்டுவந்தது. மெட்டாய் நிறுவனம் 1956இல் வேல்ஸின் ஸ்வான்சியிலிருந்து கார்கி டாய்ஸ் வரிசையைக் கொண்டுவந்து, சன்னல்களில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு பொருத்திப் போட்டியைத் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் ஏதேனும் ஒரு புதுமை இல்லாமல் எந்த நிறுவனமும் கடைக்குப் போக முடியவில்லை. 1959இல் டிங்கியின் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ரெய்த்தும் கார்கியின் ரெனோ ஃப்ளோரிடும் ஸ்பிரிங் பொருத்தப்பட்டு வந்தன. கார்கி தன் அமைப்புக்கு ‘கிளைடமேட்டிக்’ என்று கவர்ச்சியான பெயரும் சூட்டியது. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகளைச் சஸ்பென்ஷனாகக் கொண்ட மினி என்ற உண்மைக் காரும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது என்பது இங்கே ஒரு சுவையான தற்செயல்.

அந்தப் பொம்மைகளின் ஸ்பிரிங் விரலுக்காகச் செய்யப்பட்டது. கூரையின் மேல் விரலை வைத்து அழுத்தினால் வண்டி அமிழ்ந்து, விட்டவுடன் எழுந்துகொள்ளும். கடையில் நிற்கும் குழந்தைக்கு அந்த அசைவே போதுமான வாதம். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ற விறைப்புடன் அமைந்த ஸ்பிரிங், வண்டியின் சொந்த எடைக்கு ஏறத்தாழ அசையாமலேயே இருக்கும். சில நூறு கிராம் விசைக்கு 2 மி.மீ. வளையும் ஸ்பிரிங் 20, 30 கிராம் பாரத்துக்கு எவ்வளவு வளையும் என்று எண்ணிப் பார்த்தால், தரையோட்டின் விளிம்பை அது உணரவே வழியில்லை என்பது தெளிவாகும். இன்றும் சஸ்பென்ஷன் உண்டு என்று விளம்பரம் செய்யப்படும் பொம்மைகளில் பல இந்த வகையே. அவை விளையாட்டுக்குச் சுவை கூட்டுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஓட்டத்துக்கு அவற்றால் பயன் சொற்பம்.

ஓட்டத்தையே குறியாகக் கொண்டு பொம்மைக் காரின் அடிப்பகுதி முதன்முதலாக விரிவாகத் திருத்தி எழுதப்பட்டது அமெரிக்காவில். மேட்டல் நிறுவனத்தின் எலியட் ஹேண்ட்லர் 1968இல் 16 மாதிரிகளோடு வெளியிட்ட ஹாட் வீல்ஸ் வரிசைக்கு வெளித்தோற்றத்தைத் தந்தவர் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து வந்த ஹாரி பென்ட்லி பிராட்லி. இயங்கும் பகுதிகளின் பொறியியலை நடத்தியவர் ஜாக் ரயன். ரயன் அதற்கு முன்பு ரேத்தியான் நிறுவனத்தில் ஏவுகணைத் திட்டங்களில் பணியாற்றியவர் என்பதைப் பொம்மை வரலாறுகள் தவறாமல் குறிப்பிடுகின்றன. தடிமனான ஆணி போன்ற அச்சுக்குப் பதிலாக, இசைக்கருவிகளுக்குப் பயன்படும் மெல்லிய எஃகுக் கம்பி வளைக்கப்பட்டு அச்சாக்கப்பட்டது. சக்கரத்தின் நடுவில் டெல்ரின் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கால் ஆன புஷ் அமர்த்தப்பட்டது.

அந்தக் கம்பியின் சிறப்பைச் சற்று நின்று பார்ப்பது தகும், ஏனெனில் ஒரே பொருள் இரண்டு வேலைகளைச் செய்வதும், ஒரு வேலைக்காகச் செய்த மாற்றம் மறு வேலைக்கும் நன்மையாக முடிவதும் வடிவமைப்பில் அடிக்கடி வாய்ப்பதில்லை. முதல் வேலை சுழற்சி. சக்கரம் அச்சின் மேல் சுழலும்போது எழும் உராய்வு, அச்சின் ஆரத்தைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்த விகிதத்தில்தான் வண்டியை இழுத்துப் பிடிக்கும். 2 மி.மீ. தடிமனுள்ள ஆணியில் 10 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் சுழன்றால் அந்த விகிதம் ஐந்தில் ஒன்று. உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற எண், 0.2 என்றால், இழுவை வண்டியின் எடையில் 4 சதவீதம். அச்சு அரை மில்லிமீட்டர் கம்பியாக மெலிந்தால் விகிதம் இருபதில் ஒன்றாகி, இழுவை 1 சதவீதமாகக் குறைகிறது. முந்தைய வண்டி நூற்றுக்கு நான்கு என்ற சரிவில்கூட உருளத் தயங்கும்; பிந்தையது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினாலே புறப்பட்டுவிடும்.

இரண்டாவது வேலை வளைவு. வட்டக் கம்பியின் விறைப்பு, வளைவுக்கு எதிராகவும் சரி முறுக்குக்கு எதிராகவும் சரி, விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது: விட்டம் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒன்றாகும். ஆகவே உராய்வைக் குறைப்பதற்காக மெலிந்த கம்பி, 9 கிராம் பாரத்துக்கும் அசைந்துகொடுக்கும் அளவுக்கு இளகிவிடுகிறது. அடிச்சட்டத்தில் அதைப் பிடிக்கும் இடத்தைச் சற்று உள்ளே தள்ளி, சக்கரத்துக்கும் பிடிப்புக்கும் நடுவே கம்பியின் ஒரு நீளம் முறுக்கிக்கொள்ள விட்டுவிட்டால் அதுவே முறுக்குத் தண்டு சஸ்பென்ஷன் ஆகிறது. முறுக்குத் தண்டு என்பது சுருளாகவோ பட்டையாகவோ அல்லாமல், நேரான கம்பி தன் நீள அச்சைச் சுற்றித் திருகிக்கொள்வதையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் முறை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் இருந்ததும் இதே தத்துவம்தான். அச்சு தனி, ஸ்பிரிங் தனி, அவற்றை இணைக்கும் கரம் தனி என்று மூன்று உறுப்புகள் செய்ய வேண்டியதை ஒரே கம்பித் துண்டு செய்து முடித்தது.

அந்த அமைப்பு நீடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் மேட்டல் அதைக் கைவிட்டு எளிய நேர் அச்சுக்குத் திரும்பியது. செலவு ஒரு காரணம்; ஆனால் இழுவைக் கணக்கை அறிந்தவருக்கு வேறொன்றும் தோன்றும். ஹாட் வீல்ஸ் கார்கள் ஓடுவதற்கென்றே விற்கப்பட்ட ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தடத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தாண்ட வேண்டிய விளிம்பே இல்லாத இடத்தில் ஸ்பிரிங் ஈட்டித்தருவது ஒன்றுமில்லை. ஜப்பானில் 1970இல் ஆறு மாதிரிகளுடன் தொடங்கிய டோமிகாவும் பிரான்சின் மஜோரெட்டும் சஸ்பென்ஷனை இன்றுவரை தங்கள் அடையாளமாகவே காத்துவருகின்றன. அவை தனித் தடத்துக்கென்று அமையாமல் வீட்டுத் தரைக்கும் மேசைக்கும் பாய்க்கும் உரியவை என்பதைப் பார்க்கும்போது, இந்தப் பிரிவினையில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இனி ஸ்பிரிங் எவ்வளவு இளகியிருக்க வேண்டும் என்ற கேள்வி. இதற்கு அமிழ்வு என்ற ஒரே அளவு போதும். வண்டியை ஸ்பிரிங்கின் மேல் மெதுவாக இறக்கி வைத்தால், தன் சொந்த எடையால் அது எத்தனை மில்லிமீட்டர் கீழே அமர்கிறதோ அதுவே அமிழ்வு. வண்டி தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்ற இயல்பு அதிர்வெண்ணை அமிழ்வு ஒன்றே தீர்மானிக்கிறது. எடையையோ ஸ்பிரிங்கின் விறைப்பையோ தனியாக அறிய வேண்டியதில்லை. 1 மி.மீ. அமிழ்ந்தால் நொடிக்கு ஏறத்தாழ 16 ஆட்டம், 2 மி.மீ. என்றால் 11, 5 மி.மீ. என்றால் 7. உண்மையான கார்கள் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம் வரை ஆடும்படி அமைக்கப்படுகின்றன. நொடிக்கு ஓர் ஆட்டம் என்பதற்கு 25 செ.மீ. அமிழ்வு வேண்டும். பொம்மையில் அதற்கு இடமில்லை, தேவையும் இல்லை. நீளங்களெல்லாம் 64இல் ஒன்றாகச் சுருங்கிய வண்டியில் காலம் 64இன் வர்க்கமூலமான 8 மடங்கு வேகமாக நகர்கிறது எனக் கொள்ள வேண்டும். ஆகவே நொடிக்கு 1.2 முறை ஆடும் காரின் உண்மையான சிற்றுருவம் நொடிக்கு 9.6 முறை ஆடும்; அதற்குரிய அமிழ்வு 2.7 மி.மீ. மட்டுமே. சினிமாவில் சிற்றுருவக் கார் கவிழும் காட்சியை உயர்வேகக் கேமராவில் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டுவது இந்த எட்டு மடங்கை மறைப்பதற்காகத்தான்.

பொம்மை செய்ய முற்படுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேனாவிலிருந்து எடுத்த சுருள் ஸ்பிரிங்கை நான்கு மூலைகளிலும் வைத்து, விரலால் அழுத்திப் பார்த்து, நன்றாக அமிழ்கிறது என்று திருப்தி அடைகிறார்கள். வண்டியின் எடையோ அந்தச் சுருள்களை ஒரு மயிரிழைகூட அசைப்பதில்லை. விரலை எடுத்துவிட்டு வண்டியை மட்டும் வைத்துப் பார்த்து, அமிழ்வு 2 மி.மீட்டராவது இருக்கிறதா என்று அளப்பதே சரியான சோதனை. இல்லையென்றால் ஸ்பிரிங் மெலிய வேண்டும், அல்லது வண்டிக்குப் பாரம் ஏற்ற வேண்டும். பாரம் ஏற்றுவது சரிவில் ஓடும் வண்டிக்குத் தீங்கல்ல. கிடைக்கும் ஆற்றலும் உராய்வால் இழப்பதும் ஒரே விகிதத்தில் உயர்வதோடு, காற்றின் தடை அப்படியே நிற்பதால் சிறிது ஆதாயமும் உண்டு.

கையால் செய்யத்தக்க அளவில், 1 கிலோ எடையுள்ள மரக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு சக்கரத்தின் பங்கும் 250 கிராம். சைக்கிள் கடையில் கிடைக்கும் 2 மி.மீ. தடிமனுள்ள ஸ்போக்ஸ் கம்பியின் ஒரு முனையை அடிச்சட்டத்தில் அசையாமல் இறுக்கி, மறுமுனை 10 செ.மீ. வெளியே நீளுமாறு விட்டு, அந்த முனையில் 250 கிராம் ஏற்றினால் கம்பி 5 மி.மீட்டருக்குச் சற்றே கூடுதலாக வளையும். இந்த அளவு வண்டிக்கு அது பொருத்தமான அமிழ்வு. நீளத்தின் மூன்றாம் படியில் வளைவு கூடும் என்பதால், வெளியே நீளும் பகுதியை 5 செ.மீட்டராகக் குறைத்தால் அதே பாரத்துக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட வளையாது. எனவே அமிழ்வைத் திருத்தியமைக்க வேறு கம்பி தேட வேண்டியதில்லை. இறுக்கும் இடத்தை ஒரு சென்டிமீட்டர் முன்னேயோ பின்னேயோ நகர்த்தினாலே போதும்.

ஆனால் ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு குறை இருக்கிறது, அது சஸ்பென்ஷன் வடிவமைப்பின் நெஞ்சுப் பகுதியையே தொடுகிறது. வட்டக் கம்பி மேலும் கீழும் எவ்வளவு எளிதாக வளைகிறதோ அவ்வளவே எளிதாக இடமும் வலமும் வளையும். சக்கரத்துக்கு மேல்கீழ் அசைவை மட்டும் அனுமதித்து, மற்ற ஐந்து விதமான அசைவுகளையும், முக்கியமாகச் சக்கரம் பாதையைவிட்டுக் கோணலாகத் திரும்புவதை, தடுத்து நிறுத்துவதே சஸ்பென்ஷனின் கடினமான பாதி. ஒரு சக்கரம் 1 பாகை மட்டும் கோணலாக நின்றால் வண்டி 1 மீட்டர் போவதற்குள் அது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பக்கவாட்டில் தேய்ந்தாக வேண்டும். எதிரெதிரான இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் 1 பாகை திரும்பியிருந்து, உராய்வுக் கெழு 0.3 என்றிருந்தால், அவை சுமக்கும் எடையில் அரை சதவீதம் நிரந்தர இழுவையாகிவிடும். கம்பியை மெலியவைத்துப் பாடுபட்டு ஒரு சதவீதமாகக் குறைத்த அச்சு உராய்வோடு, அதில் பாதி அளவு இழுவையை இந்த ஒரு பாகை மீண்டும் சேர்த்துவிடுகிறது. தளர்ந்த சஸ்பென்ஷனைவிட சஸ்பென்ஷன் இல்லாத வண்டி நெடுந்தூரம் ஓடுவதன் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

தட்டையான பட்டை இந்தக் குறையைத் தீர்க்கிறது. இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஏறத்தாழ 12.5 மி.மீ. அகலமும் 0.63 மி.மீ. தடிமனும் உள்ளது. அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம் எவ்வளவோ அத்தனை மடங்கு அது பக்கவாட்டில் விறைப்பாக இருக்கும். இங்கே அது ஏறத்தாழ 400 மடங்கு. பிளேடை 7 செ.மீ. நீட்டி 250 கிராம் ஏற்றினால் அமிழ்வு 5 மி.மீட்டரைச் சற்றே தாண்டும். மேல்கீழாக ஸ்போக்ஸ் கம்பியைப் போலவே இளகியும், பக்கவாட்டில் அசையாமலும் நிற்கும் இந்தப் பட்டை, சக்கரம் கோணலாகத் திரும்புவதைத் தடுக்கும் வேலையைத் தன் வடிவத்தாலேயே செய்துவிடுகிறது. முழுக்கக் கடினப்படுத்திய பிளேடு வளைத்தால் நொறுங்கித் தெறிக்கும்; பல் மட்டும் கடினமாகவும் உடல் வளையும்படியாகவும் உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும், பல்லைச் சாணைபிடித்து எடுத்துவிட வேண்டும், வேலையின்போது கண்ணாடி அணிய வேண்டும். சிறுவர்கள் செய்வதானால் இது பெரியவர் உடனிருந்து செய்ய வேண்டிய பகுதி.

பட்டையை முன்னிருந்து பின்னோக்கி நீட்டி அதன் நுனியில் அச்சை வைப்பதா, பின்னிருந்து முன்னோக்கி நீட்டுவதா என்பதிலும் தேர்வு உண்டு. இறுக்கிய இடம் முன்னாலும் சக்கரம் பின்னாலும் இருந்தால், விளிம்பில் மோதும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும்போதே மேலெழவும் வழி கிடைக்கிறது. கோணல் நேர்ந்தாலும் இழுத்துச் செல்லப்படும் சக்கரம் தானே பாதைக்குத் திரும்ப முயல்கிறது. எதிர்த்திசையில் அமைத்தால், மோதும் விசை பட்டையை நீளவாக்கில் நெருக்கி, சக்கரத்தை விளிம்புக்குள் குத்தவைக்கும். ஆகவே முன் அச்சானாலும் பின் அச்சானாலும் பட்டை பின்னோக்கியே நீளட்டும் என்பது பாதுகாப்பான விதி. கடைப் பொம்மைகளில் பரவலாக உள்ள செங்குத்துக் காடி முறையில், அதாவது அச்சு மேலும் கீழும் வழுக்கிச் செல்ல அடிச்சட்டத்தில் நீண்ட துளை வெட்டி மேலே ஒரு பட்டையை அழுத்தவிடும் முறையில், இந்த நன்மை இல்லை. காடி அகன்றால் அச்சு கோணலாகிறது, குறுகினால் சிக்கிக்கொள்கிறது. அச்சில் கம்பளி நூலும் தலைமுடியும் சுற்றிக்கொண்ட பழைய பொம்மைகளில் சஸ்பென்ஷன் செத்துக் கிடப்பது இதனால்தான்.

ஸ்பிரிங் வந்தவுடன் ஆட்டத்தை அடக்கும் தணிப்பும் வேண்டுமே என்ற கவலை எழும். உண்மையான காரில் அதை எண்ணெய் நிறைந்த ஷாக் அப்சார்பர் செய்கிறது. பொம்மைக்கு அது தேவையில்லை. இரண்டு பிளேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து லாரிப் பட்டை போலக் கட்டினால், வளையும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று தேய்ந்து ஆட்டத்தை அடக்கும். விறைப்பு இரட்டிப்பாவதற்கு ஈடாக நீளத்தைக் கால்பங்கு கூட்டிக்கொள்ளலாம். மிகச் சிறிய வண்டிகளில் அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே வைத்த ஒரு துண்டு ஸ்பாஞ்சு, ஸ்பிரிங்காகவும் தணிப்பாகவும் சேர்ந்தே வேலை செய்யும். தணிப்பு மிகுந்தால்தான் தொல்லை: சிறு விளிம்புகளுக்கு அசையவே மறுத்து, சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாததாகிவிடும். முன்பக்கத்தைவிடப் பின்பக்க ஸ்பிரிங் சற்று விறைப்பாக இருந்தால் வண்டி மேட்டைத் தாண்டியபின் முன்னும் பின்னுமாகக் குதிப்பது விரைவில் அடங்கும் என்று, ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற பொறியாளர் மாரிஸ் ஆலி கண்டறிந்த விதி பொம்மைக்கும் பொருந்தும். ஆனால் அதன் பலனைக் கண்ணால் காண்பது அரிது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஸ்பிரிங்கே இல்லாத ஒரு சஸ்பென்ஷன்தான் இவற்றுள் மிக எளியது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. டிராக்டரின் முன் அச்சைக் கவனித்தவர்கள் அதை அறிவார்கள். அச்சின் நடுவில் ஒரே ஒரு கனத்த பின். அதைச் சுற்றி அச்சு தராசுக்கோல் போல இருபுறமும் சாயும். இடச் சக்கரம் வரப்பில் ஏறினால் வலச் சக்கரம் தாழ்ந்து நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்கு சக்கர வண்டி இப்படி உண்மையில் மூன்று புள்ளிகளில் நிற்கும் வண்டியாகிறது: பின்னால் இரண்டு சக்கரங்கள், முன்னால் அந்த ஒரு பின். நான்காவது சக்கரம் காற்றில் தொங்கும் பிரச்சினை அடியோடு தீர்ந்துவிடுகிறது. ஒரு சக்கரம் விளிம்பில் ஏறும்போது உடற்கூடு எழுவதும் பாதி அளவுதான். பொம்மையில் இதற்குத் தேவைப்படுவது ஒரு மரக்கட்டை, ஒரு திருகாணி, ஒரு வாஷர். திருகாணி வண்டியின் நீளவாக்கில் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்பதும், அதில் முன்பின் தளர்ச்சி இருக்கக் கூடாது என்பதும் மட்டுமே நிபந்தனை.

இதே தத்துவத்தின் விரிந்த வடிவத்தை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் டொனால்ட் பிக்லர் உருவாக்கினார். ஆறு சக்கரங்களும் ஸ்பிரிங் இன்றி, ஒன்றோடொன்று இணைந்து சாயும் கரங்களால் தாங்கப்பட்ட அந்த அமைப்பு 1997இல் சோஜர்னர் வண்டியுடன் செவ்வாயில் இறங்கியது. 2023இல் சந்திரயான் 3இல் நிலவில் இறங்கிய 26 கிலோ எடையுள்ள பிரக்யானும் அதே வகை. மெல்ல ஊர்ந்து செல்லும் வண்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வேகமாக உருளும் பொம்மைக்கோ, சாயும் அச்சு முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள எடையாகவே இருப்பதால், மோதல் இழப்பைக் குறைப்பதில் அது மெல்லிய பட்டைக்கு ஈடாகாது. இரண்டையும் சேர்த்து, முன்னே சாயும் அச்சும் பின்னே பட்டையும் அமைப்பதில் தடையொன்றுமில்லை.

அமெரிக்கச் சாரணச் சிறுவர்களுக்காக 1953இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி தொடங்கிய பைன்வுட் டெர்பி, மரக்கட்டையில் செதுக்கிய கார்களைச் சரிவில் விட்டு நடத்தப்படும் போட்டி. அதன் வழக்கமான விதிகளில் வண்டி எந்த வகை ஸ்பிரிங்கின் மீதும் அமரக் கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. தேர்ந்த போட்டியாளர்களுக்கு அந்த விதியால் பெரிய இழப்பில்லை. விதி இடம்கொடுக்கும் இடங்களில் அவர்கள் முன்சக்கரம் ஒன்றைத் தரையில் படாதவாறு வேண்டுமென்றே சற்று உயர்த்திவிட்டு மூன்று சக்கரங்களில் ஓட்டுகிறார்கள்; வழவழப்பான தடத்தில் நான்காவது சக்கரத்தைச் சுழற்றும் செலவும் மிச்சம்.

தான் செய்த சஸ்பென்ஷன் உதவுகிறதா என்று அறிய விரும்பும் வாசகருக்கு அளவுகோலும் ஒரு சரிவுப் பலகையும் போதும். வண்டியைப் புறப்படவிடும் உயரத்தை, அது நிற்கும் இடம்வரை கடந்த கிடைமட்டத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், எல்லாத் தடைகளும் சேர்ந்து வண்டியின் எடையில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும்: 20 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட வண்டி 10 மீட்டர் சென்று நின்றால் தடை 2 சதவீதம். பட்டைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே மரச்சீவலைச் செருகி சஸ்பென்ஷனை அசையாமல் கட்டிவிட்டு ஒரு முறையும், சீவலை எடுத்துவிட்டு மறுமுறையும், அதே தரையில் அதே திசையில் ஓட்டி, ஒவ்வொன்றையும் பலமுறை செய்து சராசரி பார்க்க வேண்டும். ஓடு பதித்த கூடத்தில் ஒன்று, சிமென்ட் பூசிய திண்ணையில் ஒன்று என்று இரண்டு இடங்களிலாவது அளந்து பார்த்த பிறகே ஸ்பிரிங்கை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்று முடிவு செய்யுங்கள்.

(தொடரும்)